நூற்றுப் பன்னிரண்டாம் எண்

வரிசையில் ஒருவர் நிற்கும் இடம் அவருக்குச் சொந்தமா, வரிசைக்குச் சொந்தமா? ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருப்பதில்லை. அவர் இடம், அவர் கொடுத்தார் என்று யாரும் விட்டுவிடுவதும் இல்லை. டார்லின் என்ற விமானியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவர் இதற்கு இரண்டு பதில்கள் சொன்னார். முதல் பதிலைக் கோபத்தோடு, பலர் முன்னால், காகிதத்தைத் தள்ளிவைத்துச் சொன்னார். இரண்டாவது பதில் முதல் பதிலுக்கு நேர் எதிரானது. அதை ஏன் சொன்னார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

டார்லினுக்கு முப்பத்தொன்பது வயது. பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா இஸ்ரவேல் நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். கணவர் பெனோ பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். நான் வேலை பார்க்கும் பள்ளிதான். டார்லினை எல்லோருக்கும் பிடிக்கும் என்று எழுத முடியாது. வீட்டுக்கு வந்தவர் காபி டம்ளரை மேசை விளிம்பில் வைத்தால், பேச்சை நிறுத்தாமலேயே அதை உள்ளே நகர்த்துவார். ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொன்னவர் ஐந்தேகாலுக்கு வந்தால் அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றிக் கேட்பார். விமானி உரிமம் வாங்கிய பிறகு நான்கு வருடம் வேலை கிடைக்காமல் இருந்தவர். அந்த நான்கு வருடம் அவரை இனிமையாக்கவில்லை.

2016இல் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தார். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் விசிறி வைத்த விமானங்களை ஓட்டும் நிறுவனம். அதே நாளில் அங்கே சேர்ந்த இன்னொருவர் மேலப்பாளையத்து உமர் பாரூக். விமானிகளின் உலகத்தில் எல்லாமே பணிமூப்புப் பட்டியல்தான். யார் முதலில் கேப்டன் ஆவது, யாருக்குத் தீபாவளிக்கு விடுப்பு, ஆள் குறைக்கும்போது யார் முதலில் வெளியே போவது, எல்லாம் சேர்ந்த தேதியின்படி. ஒரே நாளில் சேர்ந்தால் வயதில் மூத்தவர் முன்னால். டார்லின் உமரைவிடப் பதினொரு மாதம் மூத்தவர். ஆகவே பட்டியலில் எப்போதும் டார்லினுக்கு அடுத்த எண் உமர். மேலே இருந்தவர்கள் விலக விலக எண்கள் இறங்கின. இருவரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். உமர் அவரை அக்கா என்பார். கேப்டன் என்று கூப்பிட வேண்டிய இடத்திலும் சில சமயம் அக்கா என்று வாய் தவறிவிடும்.

தவறு தொடங்கியது 2020இல். அந்த வருடம் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றன. பட்டியலின் கீழ்ப் பாதியைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். கேட்டு வாங்குவதற்குத்தான் விடுப்பு என்று பெயர். கேட்காதவர் கையில் திணித்துவிட்டு அதற்கும் விடுப்பு என்று பெயர் வைக்க, பெரிய சம்பளம் வாங்கும் ஒரு மூளை தேவைப்பட்டிருக்கும். நவம்பரில் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரே ஓர் இடம். வரிசைப்படி கடிதம் டார்லினுக்கு வந்தது. அன்று உமரின் வாப்பா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தார். வீட்டில் வேலைக்குப் போகிறவர் வேறு யாரும் இல்லை. டார்லின் சங்கத் தலைவர் கேப்டன் நடராஜைப் போனில் கூப்பிட்டார்.

“சார், இந்தத் தடவ நான் வரலன்னு சொன்னா என் நம்பர் போயிருமா?”

“நம்பர் எங்கம்மா போகும்? அடுத்த கடிதம் உங்களுக்குத்தான். யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

டார்லின் நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதினார். இம்முறை எனக்கு வேண்டாம், அடுத்தவரை அழைக்கலாம். காரணம் எழுதவில்லை. உமர் வேலைக்குத் திரும்பினார். அடுத்த கடிதம் டார்லினுக்கு வரவில்லை. நடுவில் ஆறு பேர் போன பிறகு, நான்கு மாதம் கழித்து வந்தது. வந்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், இன்றைய தேதியே பணியில் சேர்ந்த தேதியாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருந்தது.

இது விமானிகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. விமானத்துக்குள் அவர்கள் எதையும் தனியாக வாசிப்பதில்லை. எஞ்சினைக் கிளப்பும் முன்பும் இறங்கும் முன்பும் ஒரு பட்டியல் உண்டு. ஒருவர் ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பார். மற்றவர் விசையைக் கண்ணால் பார்த்து ‘சரி’ என்பார். ‘இல்லை’ என்று சொன்னால் வாசிப்பு அந்த வரியிலேயே நிற்கும். அது சரியாகும்வரை அடுத்த வரிக்குப் போவதில்லை. ஆயிரம் தடவை வாசித்த பட்டியலையும் அப்படித்தான் வாசிப்பார்கள். இப்படிப் பழகிய மனிதர்கள் தரையில் இறங்கி, வீட்டு மேசையில், கூட வாசிக்க ஆள் இல்லாமல் ஒரு கடிதத்தைப் பார்க்கும்போது அந்தக் கவனம் வருவதில்லை. எதிரே இன்னொரு குரல் இருக்கும் என்ற நினைப்பிலேயே அவர்களுடைய கவனம் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு இது தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு மேல் அந்த வரி தூங்கியது. இருவரும் கேப்டன் ஆனார்கள். 2025 ஜூனில் நிறுவனத்தின் பதினான்கு விமானங்களில் ஐந்து, எஞ்சின் பாகம் கிடைக்காமல் ஓரமாக நிறுத்தப்பட்டன. நூற்றறுபது விமானிகளில் நாற்பத்தெட்டுப் பேர் உபரி என்று அறிவிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் எண் வரை உள்ளே, அதற்குப் பிறகு வெளியே. சேர்ந்த தேதியின்படி பார்த்தால் டார்லின் நூற்றுப் பன்னிரண்டு. உமர் நூற்றுப் பதின்மூன்று. நிறுவனம் வெளியிட்ட பட்டியலிலோ உமர் நூற்றுப் பன்னிரண்டு. டார்லின் நூற்றுப் பத்தொன்பது.

அவரைப் போல இடம் இறங்கியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு பெண், அழைப்பு வந்தபோது பிரசவ வார்டில் இருந்தவர். ஒருவர் நுரையீரல் கெட்டு மருத்துவச் சோதனையில் தேறாமல் இரண்டு மாதம் காத்திருந்தவர். சங்கம் கேட்டபோது நிறுவனம் சொன்ன பதில் இது: “தேதி விஷயத்தை நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.” கத்தியை மேசை மேல் வைத்துவிட்டு, யாரை யார் வெட்டுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நாகரிகமாக எழுந்துபோவது இது. வெட்டுகிறவர்களைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

சங்கத்துக்கு இருந்தது ஒரே ஆயுதம். ஒரு விமானி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. விமானம் தாமதமானால் கேப்டன் தன் பொறுப்பில் அந்த வரம்பைக் கொஞ்சம் நீட்டலாம். கட்டாயம் இல்லை, அவர் விருப்பம். இத்தனை வருடமும் எல்லோரும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நிறுவனத்தின் கால அட்டவணையே அந்த நல்ல மனசின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் கடைசியிலிருந்து யாரும் நீட்டுவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு மாலை, சென்னையில் மழை. வாகைக்குளத்தில் டார்லினின் விமானம் புறப்படத் தாமதமாகி, போய்ச் சேருவதற்குள் வரம்பு நாற்பது நிமிடம் தாண்டிவிடும் என்று ஆனது. அவர் நீட்டவில்லை. விமானம் ரத்தானது. வெளியே வரும்போது பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். வண்ணார்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவர் முன்னால் வந்தார்.

“எம்மா, நீதான் பைலட்டா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நாப்பது நிமிசம் கூட ஓட்டுனா ஒனக்கு என்ன கொறஞ்சிரும்? எங்க டவுன் பஸ் டிரைவரு காலம்பற அஞ்சு மணிக்கு ஏறுனாம்னா ராத்திரி பத்துக்குத்தான் எறங்குதான்.”

“அந்தப் பஸ்ல நீங்க ஏறுவீங்களா அண்ணாச்சி?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “நான் எதுக்கு ஏறுதேன்? கார் வச்சிருக்கேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பின்னாலிருந்து வேறொருவர், “லெச்சத்துல சம்பளம், அதுக்கு ஒரு சங்கம் வேற. மில்லு வேல பாக்குத நெனப்பு,” என்றார். டார்லின் திரும்பி அவரைப் பார்த்தார். பையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று தனக்குக் களைப்பு எதுவும் இல்லை, சென்னைக்குப் போய்த் திரும்பவும் வந்திருக்கலாம் என்று வீட்டில் பெனோவிடம் சொன்னாராம். இதையும் எழுதத்தான் வேண்டும். நியாயமான ஆயுதமும் சம்பந்தமில்லாதவர் மேல்தான் முதலில் படுகிறது.

ஜூலை நடுவில் சென்னையில் மூன்று நாள் பேச்சுவார்த்தை. சங்கத்தின் பக்கம் மூன்று பேர்: நடராஜ், டார்லின், உமர். எதில் உடன்பட்டாலும் மூன்று கையெழுத்தும் வேண்டும் என்பது சங்கத்தின் விதி. எதிரே மனிதவளத் துறைத் தலைவரும் இரண்டு வழக்கறிஞர்களும். முதல் இரண்டு நாள், விமானிகள் தொழிலாளர்களா இல்லையா என்பதிலேயே போனது.

“மேடம், நீங்க தொழிலாளி இல்ல. நீங்க எக்ஸிக்யூட்டிவ். உங்ககிட்ட சங்கம்னு பேசறதே எங்க பெருந்தன்மை,” என்றார் மனிதவளத் தலைவர்.

“எக்ஸிக்யூட்டிவ்னா ஒங்க மாடியில இருக்காங்களே, அவங்கதான?” என்றார் டார்லின். “அதுல எத்தன பேரு உபரி?”

“அந்தத் தகவல் இப்ப என்கிட்ட இல்ல.”

“நான் வேணா எண்ணிட்டு வரட்டா? ரெண்டு மாடிதான.”

நடராஜ் மேசைக்கு அடியில் அவர் காலைத் தட்டினார். டார்லின், “எதுக்கு சார் மிதிக்கீங்க?” என்று சத்தமாகவே கேட்டார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மனிதவளத் தலைவர் ஒரு புதிய காகிதத்தோடு வந்தார். முகம் மாறியிருந்தது, கல்யாண வீட்டில் வரவேற்கிறவரைப் போல இருந்தார். வெளியே போகிறவர்கள் நாற்பத்தெட்டு இல்லை, நாற்பத்தேழு. கேப்டன் டார்லினுக்கு மட்டும் 2016ஆம் வருடத் தேதியை நிறுவனம் ஏற்கிறது. ஆகவே நூற்றுப் பன்னிரண்டு அவர். நூற்றுப் பதின்மூன்று உமர். இருவரும் உள்ளே. பதிலுக்குச் சங்கம் ஏற்க வேண்டியது ஒன்றுதான். மற்றவர்களுக்கு, இனி எப்போதும், எந்தத் தேதி சேர்ந்த தேதி என்பதை நிறுவனமே முடிவு செய்யும்.

நடராஜுக்கு ஐம்பத்தாறு வயது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவரையாவது மீட்டோம் என்று ஊருக்குச் சொல்லலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டார். உமரும் போட்டார். காகிதம் டார்லினிடம் வந்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை.

“உமர், நீ வாசி. நான் பதில் சொல்லுதேன்.”

உமருக்குப் புரிந்தது. அறையில் வேறு யாருக்கும் புரியவில்லை. அவர் விமானத்தில் வாசிக்கும் குரலில் தொடங்கினார். முதல் வரி. சரி. இரண்டாவது. சரி. ஏழாவது வரிக்கு வந்தபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. சேர்ந்த தேதியை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனத்துடையது.

“இல்லை,” என்றார் டார்லின்.

உமர் எட்டாவது வரிக்குப் போகவில்லை. பழக்கம் அவரை விடவில்லை.

“மேடம், உங்க வேலையையும் சேத்துத்தான் காப்பாத்திருக்கோம்,” என்றார் மனிதவளத் தலைவர்.

“என் எண் எனக்குக் குடுத்த பரிசு இல்ல சார். எனக்கு முன்னால நூத்திப் பதினோரு பேரு, பின்னால நாப்பத்தெட்டுப் பேரு நிக்கதுனாலதான் அது நூத்திப் பன்னெண்டு. அவங்கள அடிச்சிட்டு எனக்கு மட்டும் நம்பரத் தந்தா அத வச்சு நான் என்ன செய்ய? கதவுல எழுதிப் போடவா?” காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். “இது வரிசையோடது. நான் விக்க முடியாது.”

இதுதான் அவருடைய முதல் பதில்.

சென்னை விமான நிலையத்தில், வாகைக்குளத்துக்குப் போகும் தங்கள் நிறுவன விமானத்தில் காலி இருக்கை கிடைக்குமா என்று காத்திருந்தபோது உமர் பேசினார்.

“ஒங்களுக்கு நீங்க இல்லன்னு சொல்லலாம்க்கா. எனக்கும் சேத்து எப்படிச் சொன்னீங்க?”

“மூணு கையெழுத்து கேக்காங்கன்னா, ஒண்ணு இல்லன்னு சொல்லட்டும்னுதான் மூணு வச்சிருக்கு.”

“நல்லா இருக்கு. சங்க ஆபீஸ் சொவத்துல எழுதி வைங்க.” எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். “கம்பெனி பட்டியல் நின்னா நான் உள்ள, நீங்க வெளிய. சங்கம் ஜெயிச்சா நீங்க உள்ள, நான் வெளிய. ரெண்டு பேரும் உள்ள இருக்க ஒரே ஒரு காயிதம் வந்துச்சு. அத நீங்க தள்ளி விட்டுட்டீங்க. வீட்ல ரைஹானத்துகிட்ட இத நான் எப்படிச் சொல்லட்டும்?”

“என் பேரச் சொல்லி ஏசு. அவ கேப்பா.”

“ஏசத்தான் போறேன்,” என்றார் உமர்.

ஆகஸ்டில் நிறுவனம் தன் பட்டியலின்படியே கடிதங்களை அனுப்பியது. டார்லின் வெளியே. உமர் உள்ளே. சங்கம் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போனது. அடுத்த நான்கு மாதத்தில் டார்லின் தன்னைப் போல வெளியே நின்ற நாற்பத்தேழு பேரின் நியமனக் கடிதங்களையும் சேகரித்தார். வீட்டின் முன்னறை முழுவதும் காகிதம். பிள்ளைகளின் விடைத்தாள்களை வைக்க இடமில்லாமல் பெனோ அவற்றைப் பள்ளியிலேயே திருத்திவிட்டு வந்தார். ஒவ்வொரு கடிதத்தையும் இருவர் வாசிக்க வேண்டும் என்று டார்லின் அடம்பிடித்தார். மாலை நேரங்களில் பெனோ வாசிக்க, அவர் எதிரே அமர்ந்து பழைய பட்டியலைப் பார்த்துச் ‘சரி’ சொன்னார்.

ஒரு நாள் விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனபோது அப்பா இஸ்ரவேல் வழக்கம்போலச் சீண்டினார். விமானம் ஓட்டுகிறவர்கள் சங்கம் வைத்திருப்பது அவருக்கு எப்போதும் சிரிப்பு.

“ஏட்டி, நாங்க லே-ஆஃப்னா கேட்டுல பேர ஒட்டுவான். வெயில்ல நின்னு பாக்கணும். ஒங்களுக்கு ஃபேனுக்கு அடியில போன்ல வருது. பெரிய எடம்லா.”

“பேரு ஒண்ணுதானப்பா.”

“அது சரி. மொத ஆறு வருசம் நான் பதிலி. ஆள் வராத அன்னைக்கு மட்டும் உள்ள விடுவான். காலம்பற கேட்டுல மொறப்படி நிக்கணும். ஒரு பய அவன் மொறைய விட்டுக் குடுத்ததில்ல. குடுத்தாம்னா அவன் பொண்டாட்டியே சிரிப்பா.” பெனோவைப் பார்த்தார். “நீரு சிரிச்சீரா வே?”

“நான் அப்ப தூங்கிட்டேன் மாமா,” என்றார் பெனோ. 2020இல் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிய பிறகுதான் டார்லின் அவரிடம் சொன்னார் என்பது குடும்பத்தில் தெரிந்த கதை.

டிசம்பர் முதல் வாரத்தில் உடன்பாடு வந்தது. முதலில் சேர்ந்த தேதியே சேர்ந்த தேதி; எல்லோருக்கும். சமரச அதிகாரியின் மேசையில் நாற்பத்தெட்டு நியமனக் கடிதங்களும் பழைய பட்டியலும் இருந்தபோது நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்ப அழைக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் வர மறுத்தால், அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். மறுத்தவர் பட்டியலின் கடைசிக்குப் போவார். அந்த வரியை எடுக்க டார்லின் இரண்டு மணி நேரம் சண்டை போட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் பத்து நாளில் எப்படி வருவார் என்று கேட்டார். தோற்றார். கடைசியில் மூவரும் மாறி மாறி வாசித்து, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். உமரும் போட்டார். தன்னை வெளியே அனுப்பும் காகிதம் அது என்று தெரிந்தே போட்டார். இந்தக் கதையில் யாரையாவது நான் தயங்காமல் பாராட்டுவதானால் அந்தக் கையெழுத்தைத்தான் பாராட்டுவேன்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் திருத்திய பட்டியலின்படி இரண்டு கடிதங்கள் வந்தன. டார்லினுக்குத் திரும்பி வரச் சொல்லி ஒன்று. உமருக்கு, ஜனவரி முதல் சம்பளமில்லா விடுப்பு என்று ஒன்று. நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் இருப்பவர் பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் உமரின் கடிதம் தானாகவே ரத்தாகும்.

ஆறாம் நாள் சாயங்காலம் உமர் பாளையங்கோட்டைக்கு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார். டார்லின் தேநீர் வைத்தார். பெனோ எழுந்து போகப் பார்த்தபோது உமர் தடுத்துவிட்டார்.

“நீங்களும் இருங்க சார். ஒரு சாட்சி வேணும்.” டார்லினைப் பார்த்தார். “பதில் எழுதிட்டீங்களாக்கா?”

“இல்ல.”

“ஏன் எழுதல?”

“பத்து நாள் இருக்குல்லா.”

“மத்தவங்க பத்து நிமிசம் லேட்டானாலே ஏசுத ஆளு நீங்க.” உமர் தேநீரைத் தொடவில்லை. “அக்கா, வாப்பா மவுத்தாகுததுக்கு மொத நாளு என்கிட்ட, சம்பளம் வந்துச்சான்னு கேட்டாக. வந்துச்சுன்னு சொன்னேன். நிம்மதியாப் போனாக. அது நீங்க குடுத்தது. நான் மறக்கல. ஆனா அன்னைக்கு நான் ஒங்ககிட்ட கேக்கல. ஜூலைல என் கையில வந்தத நீங்க தட்டி விட்டீங்க. அதுக்கும் என்னைக் கேக்கல. குடுத்ததும் நீங்க, எடுத்ததும் நீங்க. நடுவுல நான் யாரு?”

டார்லின் மேசை மேலிருந்த அழைப்புக் கடிதத்தை மடித்து வைத்தார்.

“இப்ப நான் கேக்கேன். மொத தடவையா வாய விட்டுக் கேக்கேன். எனக்குக் குடுக்காதீங்க. நீங்க போங்க. அது ஒங்க நம்பரு.”

“குடுத்தா என்ன செய்வ?”

“வாங்கமாட்டேன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லக்கா. ரெண்டு பிள்ள இருக்கு. அதான் குடுக்காதீங்கங்கேன்.”

“டீ ஆறுது. குடி.”

உமர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். மேசை விளிம்பில்தான் வைத்தார். டார்லின் அதை நகர்த்தவில்லை என்று பெனோ சொன்னார்.

பத்தாம் நாள் டார்லின் செய்ததற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அவள் ஒரு கிறுக்கி என்கிறார் இஸ்ரவேல். ஐந்து வருடத்துக்கு முன் தான் சொன்ன ஒரு தவறான வார்த்தைக்குத் தன்னைத் தண்டிக்கிறாள் என்கிறார் நடராஜ். பாளையங்கோட்டையில் சிலர் இதைத் தியாகம் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சியவரின் கையில் திணிப்பதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், கேட்காதவருக்கு விடுப்புக் கொடுத்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வரிசையுடையது, நான் விற்க முடியாது என்று ஜூலையில் சொன்னவருக்கு, டிசம்பரில் அதைத் தன் கைப்பொருள்போலத் தூக்கிக் கொடுக்க என்ன உரிமை? விற்பதுதான் கூடாது, கொடுப்பது கூடும் என்று நினைத்தாரா? அல்லது அந்த நிறுவனத்தின் படியைத் திரும்ப மிதிக்க அவருக்கு அருவருப்பாக இருந்ததா? அப்படியானால் அது கோபம். உமர் அதில் வெறும் சாக்கு. நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன். அவர் என் சைக்கிளின் பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் தெரியாமல் செய்யவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். பத்தாம் நாள் மாலை, பள்ளி விட்டு வந்த பெனோவை அவர் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். அழைப்புக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்.

“வாசி. ஒவ்வொரு வரியா.”

பெனோ வாசித்தார். பெயர். சரி. எண் நூற்றுப் பன்னிரண்டு. சரி. சேர்ந்த தேதி, 2016. சரி என்பதற்கு முன் அந்த வரியில் மட்டும் டார்லின் கொஞ்சம் நின்றார். பணிக்கு வர வேண்டிய நாள். சரி. மறுத்தால் இடம் அடுத்த எண்ணுக்குப் போகும். சரி. மறுப்பவர் பட்டியலின் கடைசிக்குப் போவார். பெனோ இந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். நூற்று அறுபதாம் எண்ணுக்கு மறுபடி அழைப்பு வர இரண்டு வருடம் ஆகலாம்; அதற்குள் அந்த விமானத்தை ஓட்டும் தகுதி காலாவதியாகிவிடும். இது இருவருக்கும் தெரியும்.

“சரி,” என்றார் டார்லின்.

பெனோ கடைசி வரியையும் வாசித்து முடித்தார். டார்லின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய அதே வரியை, ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதி அனுப்பினார். இம்முறை எனக்கு வேண்டாம், அடுத்தவரை அழைக்கலாம்.